விதி எங்கே போய் நிற்க வேண்டும்?

(ஈரோட்டில் 2024 பிப்ரவரியில், உழவர் உற்பத்தியாளர் குழுக்களின் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-இல் வந்தது. அதன் விதிமுறைகள் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அந்தச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில் மூன்றாவதாக ஒரு உட்பிரிவு உண்டு. உழவருக்கும் மீனவருக்கும், அவர்கள் செய்யும் வேளாண்மைக்கும், பண்ணை அளவில் அவர்கள் விளைவிக்கும் பொருளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று அது சொல்கிறது. விளைபொருள் உழவர் கையை விட்டு வேறொருவர் கைக்குப் போன பிறகுதான் சட்டத்தின் கணக்கில் அது உணவு.

அப்படியென்றால் நாம் ஏன் இங்கே கூடியிருக்கிறோம்? சட்டமே நம்மை விட்டுவிட்டதே என்று யாரும் கேட்கலாம்.

விட்டுவிட்டது உண்மைதான். நிலக்கடலையைக் காயாக விற்கும்வரை விட்டுவிட்டது. அதே கடலையைச் செக்கில் ஆட்டி, பாட்டிலில் ஊற்றி, தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தால் நீங்கள் உணவு வணிகர். பாலைச் சங்கத்தில் ஊற்றும்வரை உழவர். வெண்ணெய் எடுத்து உருக்கி நெய்யாக விற்றால் உணவு வணிகர். 'மதிப்புக்கூட்டுங்கள், விளைவித்ததை அப்படியே விற்காதீர்கள்' என்று இருபது ஆண்டுகளாக நமக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல அறிவுரை, வருமானம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்த வாசலைத் தாண்டிக் காலை எடுத்துவைக்கும் நொடியில் சட்டத்தின் பாதுகாப்பு போய், சட்டத்தின் பாரம் வந்து தோளில் ஏறுகிறது. 'பண்ணை அளவில்' என்ற சொல் எங்கே முடிகிறது என்று சட்டம் கோடு கிழித்துக் காட்டவும் இல்லை.

இந்தப் பாரம் வேண்டாம் என்று பேசுவதற்காக நான் வரவில்லை. விதியே வேண்டாம் என்று சொல்பவன் 1998-ஐ மறந்தவன்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் டெல்லியில் கால் வீங்கி, மூச்சு வாங்கி, மக்கள் மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். நூறு இருநூறு என்று தொடங்கி ஆயிரக்கணக்கில் போனது. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கடுகு எண்ணெயில் பிரமதண்டு விதையின் எண்ணெய் கலந்திருந்தது. பிரமதண்டை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்; மஞ்சள் பூவும் முள் இலையுமாகத் தரிசிலும் சாலையோரத்திலும் நிற்கும். அதன் விதை பார்வைக்குக் கடுகு போலவே இருக்கும். நூற்றில் ஒரு பங்கு கலந்தாலே உடலில் நீர் கோத்துக்கொள்ளும், இதயம் தளரும், கண் கெடும். வயலில் தற்செயலாக நாலு விதை சேர்வது வேறு, ஒரு தலைநகரத்தின் சந்தையெங்கும் பரவும் அளவுக்குச் சேர்வது வேறு.

அடுத்த மாதமே மத்திய அரசு சமையல் எண்ணெய் பொட்டல ஒழுங்குமுறை ஆணையைக் கொண்டுவந்தது. எண்ணெயைச் சில்லறையாக அளந்து ஊற்றி விற்கக் கூடாது, அடைத்து, முத்திரையிட்டு, பெயர் எழுதித்தான் விற்க வேண்டும். பின்னால் 2011 விதிமுறைகளிலும் சில்லறை எண்ணெய்க்கான தடை இடம்பெற்றது. பொதுநலம் கருதி மாநில அரசு விலக்கு அளிக்கலாம் என்று ஒரு சிறிய கதவு மட்டும் திறந்து வைக்கப்பட்டது.

நடந்த கொடுமை பெரியது, அரசு கைகட்டி நிற்க முடியாது. ஆனால் அந்த ஆணை யாரைத் தொட்டது என்று பாருங்கள். கலப்படம் நடந்தது எண்ணெய் வணிகத்தில், மொத்தமாகக் கைமாறும் இடத்தில். தடை விழுந்ததோ, விதையைக் கண்ணெதிரே கொட்டி, கண்ணெதிரே ஆட்டி, தூக்குப் போணியில் ஊற்றிக் கொடுத்த செக்குக்காரர் மீதும் சேர்த்து. பாட்டில் அடைக்கும் இயந்திரம் வைத்திருந்த பெரிய ஆலைக்கு அது ஒரு சிறு செலவு. செக்குக்காரருக்கோ அது கடையை மூடச் சொல்லும் உத்தரவு. சூழலியலாளர் வந்தனா சிவா அப்போதே இதைச் சொல்லி, கடுகு விளைவிப்பவரும் உள்ளூர்ச் செக்கும் ஒருசேரச் சந்தையிலிருந்து தள்ளப்படுவார்கள் என்று வாதாடினார். அவருடைய எல்லாக் கருத்தோடும் நான் உடன்படுபவன் அல்லன். இதில் அவர் சொன்னது சரி.

இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். இடர் எந்த இடத்தில் பிறக்கிறதோ அந்த இடத்தில் போய் விதி நிற்க வேண்டும். நம் நாட்டில் அது பெரும்பாலும், கைக்கு எட்டுபவர் எங்கே நிற்கிறாரோ அங்கே போய் நிற்கிறது.

நம் ஊர்க் கதைக்கே வருகிறேன். கவுந்தப்பாடிப் பக்கம் வெல்ல ஆலை ஓடும் காலத்தில் ஒரு கொட்டகைக்குள் போய் நின்றிருக்கிறீர்களா? விடியலுக்கு முன்பே சாறு பிழிய ஆரம்பித்துவிடுவார்கள். காய்ந்த சக்கையைத் தள்ளித் தள்ளி அடுப்பு எரியும். அகன்ற இரும்புக் கொப்பரையில் சாறு கொதித்து வரும்போது அழுக்கு பச்சை நுரையாக மேலே திரளும். அதை நீண்ட கரண்டியால் வாரி வாரி வெளியே போட வேண்டும். அதில்தான் தொழில் இருக்கிறது. சுண்ணாம்பு எவ்வளவு போடுவது, எப்போது போடுவது, பாகு எந்தப் பதத்தில் இறங்க வேண்டும் என்பதெல்லாம் பதம் பார்ப்பவரின் கண்ணிலும் விரல் நுனியிலும் இருக்கிறது. ஒரு டன் கரும்புக்கு ஏறத்தாழ நூறு கிலோ வெல்லம் தேறும். மண்ணும் நீரும் உரமும் கரும்பின் வயதும் சேர்ந்து அதன் நிறத்தை முடிவு செய்கின்றன. உப்புத் தண்ணீர் பாய்ந்த காட்டுக் கரும்பு கறுத்த வெல்லம்தான் தரும். தின்றால் ஒரு குற்றமும் இல்லை.

இந்த வெல்லம் மூட்டையாக விற்பனைக்குப் போகிறது. 60 கிலோ மூட்டையை அவிழ்த்து வியாபாரி ஒரு கை அள்ளிப் பார்க்கிறார். வெளிர் மஞ்சளாக இருந்தால் ஒரு விலை, கறுத்திருந்தால் வேறு விலை. கறுத்த மூட்டையைக் கொண்டுவந்தவர் வீட்டுக்குத் திரும்பிப் போய் என்ன யோசிப்பார்? பக்கத்துக் கொட்டகையில் ஹைட்ரோஸ் டப்பா இருக்கிறது. சோடியம் ஹைட்ரோசல்பைட். கொதிக்கும் சாற்றில் ஒரு பிடி போட்டால் நிறம் வெளுத்துவிடும். இன்னும் சில இடங்களில் அஸ்கா என்னும் வெள்ளைச் சர்க்கரை மூட்டையையே கொப்பரையில் கொட்டுகிறார்கள். வெல்லத்தை விட அஸ்கா விலை இறங்கும் காலத்தில் அது கூடுதல் லாபம். சேலம் மாவட்டத்து ஆலைகளில் அதிகாரிகள் அஸ்கா மூட்டைகளைப் பிடித்த செய்தியை அடிக்கடி பார்க்கிறோம்.

ஹைட்ரோஸ் போடுவது தவறு, அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு அது தீங்கு செய்யும் என்பதால் வைத்த அளவு. கலப்படம் செய்பவரைப் பிடிக்கத்தான் வேண்டும். நான் கேட்பது, வெளுத்த வெல்லத்துக்குக் கூடுதல் விலை வைத்த கையை எந்த விதி தொடுகிறது? கொட்டகைக்காரர் பொடியைக் கையில் எடுக்கக் காரணமான விலைப்பட்டியல் எந்தப் பரிசோதனைக்கும் போவதில்லை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குக் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நாட்டுச்சர்க்கரை வாங்குகிறார்கள். அது போன்ற பெரிய கொள்முதலில் 'நிறம் பார்க்க மாட்டோம், பரிசோதனைச் சீட்டைப் பார்த்து விலை வைப்போம்' என்று ஒரு முடிவு வந்துவிட்டால், ஒரே பருவத்தில் பாதி டப்பாக்கள் தாமாகவே மறைந்துவிடும்.

இதற்கு வங்கதேசத்தில் நடந்த ஒன்றைச் சாட்சியாகச் சொல்கிறேன். மஞ்சள் ஊர்க்காரர்களான உங்களுக்கு அது இன்னும் நெருக்கமாகப் படும். அங்கே 1980-களின் வெள்ளத்தில் மஞ்சள் நனைந்து நிறம் மங்கிப்போனது. மங்கிய மஞ்சளுக்கு விலை இல்லை. மெருகு போடும் பட்டறைகளில் ஈயக் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைத் தூவத் தொடங்கினார்கள். பழக்கம் ஆண்டுக்கணக்கில் நிலைத்துவிட்டது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. கருவுற்ற பெண்களின் ரத்தத்தில் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போன ஆய்வாளர்கள் கடைசியில் மஞ்சள் டப்பாவில் வந்து நின்றார்கள். ஆய்வு 2019-இல் வெளிவந்ததும் அரசு என்ன செய்தது? ஊர் ஊராகப் போய் மஞ்சள் விவசாயியிடம் சான்றிதழ் கேட்கவில்லை. மொத்தச் சந்தையில் ஈயத்தைக் கண்டறியும் கைக்கருவியோடு இறங்கி, சாயம் கலந்த மஞ்சளை வைத்திருந்த மொத்த வியாபாரிகளுக்கு அபராதம் போட்டது. பளபளக்கும் மஞ்சள் நஞ்சு என்று நாடெங்கும் அறிவித்தது. சந்தை மாதிரிகளில் 2019-இல் 47 சதவீதத்தில் இருந்த ஈயக் கலப்படம் 2021-இல் ஒன்றுமில்லாமல் போனது. நஞ்சு எங்கே சேர்கிறது என்று முதலில் தேடினார்கள், தேடிக் கண்ட இடத்தில் விதியைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். விவசாயி மீது சுமையை ஏற்றவில்லை.

இப்போது காகிதங்களுக்கு வருகிறேன். நம்மில் பலர் அதிகம் தடுக்கி விழுவது அங்கேதான்.

2011 விதிமுறைகள் உணவுத் தொழில் செய்பவரைப் பணத்தால் அளக்கின்றன. ஆண்டு விற்றுவரவு 12 லட்சம் ரூபாய்க்குள் என்றால் பதிவு போதும், ஆண்டுக்கு 100 ரூபாய். தாண்டினால் உரிமம். அதே விதிமுறையில் இன்னொரு அளவும் உண்டு. பால், இறைச்சி தவிர்த்த மற்ற பொருட்களுக்கு நாளொன்றுக்கு 100 கிலோ அல்லது 100 லிட்டர் வரை சிறு உற்பத்தி. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். செக்குக் கடலை எண்ணெய் லிட்டர் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 12 லட்சம் ரூபாய்க்கு 4,000 லிட்டர். நாளுக்கு 11 லிட்டர்கூட முழுதாக வராது. நூறு லிட்டர் வரை நீ சிறியவன் என்று ஒரு வரி சொல்கிறது, பதினோரு லிட்டரைத் தாண்டினாலே நீ பெரியவன் என்று அடுத்த வரி சொல்கிறது.

விற்றுவரவு லாபமும் அல்ல. கடலை வாங்கிய காசு, ஆட்டுக்கூலி, பாட்டில், வண்டிவாடகை எல்லாம் போய் அந்த 12 லட்சத்தில் கையில் நிற்பது எவ்வளவு என்று ஆட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விலை உயர்ந்த, கலப்பில்லாத பொருளைச் சிறு அளவில் செய்பவர்தான் இந்த வரம்பை முதலில் முட்டுகிறார். நெய், தேன், நல்லெண்ணெய், மலைப் பூண்டு ஊறுகாய் எல்லாவற்றுக்கும் இதே கதை.

உரிமம் என்று ஆகிவிட்டால் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்தான், அதைக் கட்டிவிடலாம். கூடவே வருவதுதான் பெரிது. கட்டடத்தின் வரைபடம், இயந்திரப் பட்டியல், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, உணவுப் பாதுகாப்பு மேலாண்மைத் திட்டம். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது பொருளை ஆய்வகத்தில் சோதித்த அறிக்கை. ஆண்டுதோறும் மே 31-க்குள் ஆண்டறிக்கை, தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய். இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆய்வகக் கட்டணம் பத்து டன் ஆட்டுபவருக்கும் பத்து லிட்டர் ஆட்டுபவருக்கும் ஒன்றே. அவருக்கு ஒரு பாட்டிலில் சில பைசா ஏறும், இவருக்கு அந்த மாத வருமானமே போகும். விதி எல்லோருக்கும் சமம் என்று எழுதிவிட்டால் சுமையும் சமமாகிவிடாது.

தண்டனைப் பிரிவையும் ஒரு முறை பாருங்கள். கேட்ட தன்மையில் இல்லாத பொருளை விற்றால் 50-ஆம் பிரிவு. அதில் பதிவு பெற்ற சிறு தொழில் செய்வோருக்கு அபராதம் 25,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. தரக்குறைவைச் சொல்லும் 51-இல் அபராதம் 5 லட்சம் வரை, லேபிள் தவறைச் சொல்லும் 52-இல் 3 லட்சம் வரை. அந்த இரண்டிலும் சிறியவருக்கென்று தனி வரம்பு எழுதப்படவில்லை. அபராதத்தை முடிவு செய்பவர் சூழ்நிலையைப் பார்த்துக் குறைக்கலாம் என்பது உண்மை. குறைப்பார் என்ற நம்பிக்கையில் ஒரு குடும்பம் தொழில் தொடங்க முடியுமா? லேபிளில் தொகுதி எண் விடுபட்டதற்கும் பாகில் சாயம் கலந்ததற்கும் உள்ள தூரத்தைச் சட்டம் இன்னும் தெளிவாகக் காட்ட வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, 'சிறியவர்கள் எல்லோரும் நல்லவர்கள், எங்களை விட்டுவிடுங்கள்' என்று நாம் கோரிக்கை வைத்தால் அது எடுபடாது, எடுபடவும் கூடாது. அமெரிக்காவில் 2011 ஜனவரியில் உணவுப் பாதுகாப்பு நவீனமயச் சட்டம் வந்தது. அப்போது மொண்டானா மாநிலத்தின் செனட்டராக இருந்த ஜான் டெஸ்டர் தாமே ஒரு விவசாயி. ஆண்டு விற்பனை 5 லட்சம் டாலருக்குள் இருந்து, அதில் பாதிக்கு மேல் நேராக உண்பவருக்கும், அதே மாநிலத்திலோ 275 மைலுக்குள்ளோ இருக்கும் கடைக்கும் உணவகத்துக்கும் விற்கும் பண்ணைகளுக்குக் கடும் விதிகளிலிருந்து விலக்கு வேண்டும் என்று அவர் போராடிச் சட்டத்தில் சேர்த்தார். நல்ல சிந்தனை. விளைவிப்பவருக்கும் உண்பவருக்கும் இடையே தூரம் குறைந்தால் பொறுப்பு கூடும், கேடு பரவும் எல்லையும் சுருங்கும்.

ஆனால் அதே 2011-இல் கொலராடோவில் என்ன நடந்தது? அண்ணன் தம்பி இருவர் நடத்திய குடும்பப் பண்ணை. அங்கிருந்து போன முலாம்பழத்தில் லிஸ்டீரியா என்ற கிருமி இருந்தது. 33 பேர் இறந்தார்கள். உருளைக்கிழங்கு கழுவும் பழைய இயந்திரத்தை வாங்கிப் பழம் கழுவப் பயன்படுத்தியிருந்தார்கள். அதன் இடுக்குகளைச் சரியாகச் சுத்தம் செய்ய முடியாது. கழுவும் நீரில் குளோரினும் இல்லை. குடும்பப் பண்ணை என்பதாலேயே அங்கே கிருமி வராமல் நிற்கவில்லை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நோய் பரவுவதற்குச் சற்று முன்புதான் தனியார் தணிக்கையாளர் ஒருவர் அந்தப் பண்ணையைப் பார்வையிட்டு, மிகச் சிறப்பு என்று மதிப்பெண் போட்டுக் கொடுத்திருந்தார். காகிதம் சுத்தமாக இருந்தது. இயந்திரம் சுத்தமாக இல்லை. விலக்கு கேட்கும் நமக்கும் இதில் பாடம் உண்டு, காகிதம் கேட்கும் அதிகாரிகளுக்கும் பாடம் உண்டு.

கண்ணுக்கே தெரியாத இடரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச அனுமதியுங்கள். பால் ஊற்றுபவர்களும் கடலை போடுபவர்களும் கவனித்துக் கேளுங்கள்.

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் பார்த்ததில் பிரேசிலில் இருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தது. அந்தப் பூஞ்சை சுரக்கும் நஞ்சுக்குத்தான் அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். அது கல்லீரல் புற்றுநோய் தருவது. கடலையைப் பறித்த பிறகு மழையில் நனைந்தாலோ, ஈரம் காயாமல் கோணியில் கட்டி அடுக்கினாலோ பூஞ்சை வளரும். அந்தப் பிண்ணாக்கை மாடு தின்றால் நஞ்சின் ஒரு சிறு பங்கு உருமாறிப் பாலில் இறங்கும். காய்ச்சினாலும் போகாது.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. முடிவு அடுத்த ஆண்டு வந்தது. எல்லோரும் பயந்தபடி தண்ணீரும் யூரியாவும் பெரிய சிக்கலாக இல்லை. 368 மாதிரிகளில், அதாவது 5.7 சதவீதத்தில், அனுமதித்த அளவுக்கு மேல் அஃப்ளாடாக்சின் இருந்தது. அதிக மாதிரிகள் சிக்கிய மாநிலம் தமிழ்நாடு.

யோசித்துப் பாருங்கள். இரண்டு மாடு வைத்திருக்கும் அம்மா காலையில் எழுந்து, மடியைக் கழுவி, சுத்தமான பாத்திரத்தில் கறந்து கொண்டுபோய் ஊற்றுகிறார். அவருடைய கையில் அழுக்கில்லை, மனதில் கலப்படமில்லை. நஞ்சு அவர் கடையில் காசு கொடுத்து வாங்கிய தீவன மூட்டையில் வந்தது. அது எந்தக் கிடங்கில் எத்தனை மாதம் கிடந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பால் தவறினால் பாலைத் திருப்பி அனுப்பலாம். அந்த அம்மா யாருக்கு எதைத் திருப்பி அனுப்புவார்? விற்பனைக்கு வரும் கால்நடைத் தீவனம் இந்தியத் தர அமைவனத்தின் தரத்தில் இருக்க வேண்டும் என்று ஆணையம் உத்தரவு போட்டது. சரியான இடத்துக்குப் போன உத்தரவு அது. அது நடைமுறைக்கு வரும் தேதிதான் பலமுறை தள்ளிப்போனது. சிறு செக்கு மீது பாய வேண்டிய உத்தரவுகள் இப்படித் தள்ளிப்போவதை நான் பார்த்ததில்லை.

செக்கு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை, உங்கள் நல்லதுக்காகச் சொல்கிறேன். சுத்திகரிக்கும் ஆலையில் அஃப்ளாடாக்சின் பெரும்பகுதி நீங்கிவிடும். நம் செக்கு எண்ணெய் அப்படியே வருவது, அதுதான் அதன் மணமும் பெருமையும். ஆகவே பூசணம் பிடித்த பருப்பை ஆட்டினால் நஞ்சும் எண்ணெயில் கலந்து வரும். சுருங்கிய பருப்பு, நிறம் மாறிய பருப்பு, முளை கறுத்த பருப்பு எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எறியுங்கள். காயை ஈரம் எட்டு ஒன்பது சதவீதத்துக்குக் கீழே வரும்வரை உலர்த்துங்கள். பொறுக்கி எறிந்ததைப் பிண்ணாக்கில் சேர்க்காதீர்கள். எந்த உரிமமும் இல்லாமல் இன்றைக்கே செய்யக்கூடிய உணவுப் பாதுகாப்பு இது, மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியதும் இதுதான்.

நன்றாக எழுதிய விதியும் நம்மிடம் ஒன்று இருக்கிறது. இயற்கை விளைபொருளுக்கான விதிமுறை 2017-இல் வந்தது. சான்றிதழ் இல்லாமல் 'இயற்கை' என்று சொல்லி விற்கக் கூடாது என்றார்கள். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயாவின் பேச்சைக் கேட்டு ரசாயனத்தை விட்டவர்கள் பலருக்குச் சான்றிதழுக்குக் கட்டப் பணம் இல்லை. எதிர்ப்பு எழுந்தது. பிறகு, 12 லட்சத்துக்குள் விற்கும் சிறு உற்பத்தியாளர் நேராக உண்பவருக்கு விற்றால் சான்றிதழ் தேவையில்லை, அத்தகையவர்களிடம் வாங்கி விற்கும் 50 லட்சம் வரையிலான சிறு கடைக்கும் தேவையில்லை, ஆனால் ஜைவிக் பாரத் என்ற இயற்கை விளைபொருள் முத்திரையைப் போடக் கூடாது என்று வழி செய்தார்கள். முத்திரை வேண்டுபவர்கள் விவசாயிகளே ஒருவரையொருவர் பார்வையிட்டுச் சான்றளிக்கும் பங்கேற்பு முறையிலும் சேரலாம். பேசினால் விதி மாறும் என்பதற்கு இது சான்று.

இனி உங்கள் உரிமைகளைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். அதிகாரி மாதிரி எடுத்தால் எழுத்தில் அறிவிப்பு தர வேண்டும், எடுத்த பொருளுக்குக் காசும் தர வேண்டும். மாதிரி நான்கு பங்காகப் பிரிக்கப்படும். நீங்கள் கேட்டால் அதில் ஒரு பங்கை அங்கீகாரம் பெற்ற வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 47-ஆம் பிரிவு சொல்கிறது. கேட்டால்தான் அனுப்புவார்கள், ஆகவே அப்போதே கேளுங்கள். ஆய்வறிக்கை பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மாவட்ட நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். சுகாதாரக் குறை கண்டால் நியமன அலுவலர் 32-ஆம் பிரிவின் கீழ் திருத்த அறிவிப்பு தந்து குறைந்தது 14 நாள் அவகாசம் கொடுக்கலாம். குறை இன்னது, திருத்த வேண்டியது இன்னது என்று அதில் எழுதித் தர வேண்டும். நல்ல அதிகாரிகள் பலர் இந்த வழியைத்தான் முதலில் எடுக்கிறார்கள். அவர்களை நான் மதிக்கிறேன்.

உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான பிரதமரின் திட்டம் 2020-இல் தொடங்கியது. திட்டச் செலவில் 35 சதவீதம், 10 லட்சம் ரூபாய் வரை மானியம். அதில் ஆளுக்கொரு இயந்திரம் வாங்கிக் கடனில் மாட்டுவதை விட, குழுவாகச் சேர்ந்து ஒரே கூரையின் கீழ் செக்கு, உலர்களம், பொட்டலம் அடைக்கும் அறை என்று ஒரு பொது மையம் வைத்துக்கொள்ளுங்கள். சுவர் ஒன்று, தண்ணீர்ப் பரிசோதனை ஒன்று, உரிமம் ஒன்று. முப்பது குடும்பத்தின் செலவு ஒரு குடும்பத்தின் செலவாகச் சுருங்கும்.

அரசு செய்ய வேண்டியது ஒன்று மீதி இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் ஆறு: கிண்டி, தஞ்சாவூர், மதுரை, சேலம், கோயம்புத்தூர், பாளையங்கோட்டை. சட்டத்தின் 40-ஆம் பிரிவுப்படி பொருளை வாங்கியவர் எவரும் கட்டணம் கட்டிச் சோதித்துப் பார்க்கலாம். விளைவித்தவர் தம் பொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகும் முன்பே சோதித்துக்கொள்ள அருகில் ஓர் இடம் வேண்டாமா? ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் எடை போட மேடை இருக்கிறது, ஏலம் போட ஆள் இருக்கிறார். அங்கேயே ஈரப்பதமும் அஃப்ளாடாக்சினும் கந்தக டை ஆக்சைடும் பார்க்கும் சிறு ஆய்வறை ஒன்று வைத்து, சிறு விவசாயிக்குக் கட்டணமின்றிச் சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும். அந்தச் சீட்டு கையில் இருந்தால் வியாபாரி நிறத்தைக் காட்டி விலை குறைக்க முடியாது, அதிகாரிக்கும் வேலை பாதியாகும்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர் நாள் நடக்கிறது. தனித்தனி மனுவாகப் போகாதீர்கள். இந்தக் கூட்டம் கலையும் முன் இந்த ஆய்வறைக் கோரிக்கையை ஒரே தீர்மானமாக எழுதி, எல்லாக் குழுக்களும் கையெழுத்திட்டு, அடுத்த குறைதீர் நாளில் கொண்டுபோய்க் கொடுங்கள். என் கையெழுத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.